கேட்டவுடன் எழுதப்படும் பக்கம்
வணிகர்களுக்கான கம்ப்யூட்டர் பாடம்



நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு எழுதிப் பழகிய சீமை நம்முடையது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்திலேயே, கடல் கடந்து இருந்த கடையின் நிலையை ஊரில் இருந்தபடி ஐந்தொகைத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் நம் முன்னோர். ஆகவே கணக்கைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபிறகு நிலைமை ஒரு விதத்தில் மாறிவிட்டது. நம் கணக்கின் ஒரு பகுதி இப்போது நம் கடைக்கு வெளியே, நாம் கையால் தொட முடியாத ஒரு பேரேட்டில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பக்கம் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. இணையதளத்தைத்தான் கேட்க வேண்டும். நாம் கேட்டவுடன் ஒரு பக்கம் திரையில் வருகிறது. அந்தப் பக்கம் எங்கிருந்து வருகிறது? யார் எழுதுகிறார்கள்? அதை எந்த அளவுக்கு நம்பலாம்? இதைத் தெரிந்துகொள்வது படிப்புக்காக மட்டும் அல்ல. நாம் கட்டிய வரி நமக்கு வரவாகக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதே இதில் அடங்கியிருக்கிறது. எனவே சற்றுப் பொறுமையாக, படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு வகைப் பக்கங்கள்

இணையதளப் பக்கங்கள் இரண்டு வகை.

முதல் வகை, எழுதி வைத்த பக்கம். கடை வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை போன்றது. காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும், சாக்கோட்டைக்காரர் பார்த்தாலும் சிங்கப்பூர்க்காரர் பார்த்தாலும் ஒரே எழுத்துத்தான். மாற்ற வேண்டுமென்றால் பெயிண்டர் வந்து அழித்து எழுத வேண்டும். உலகின் முதல் இணையதளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஸ்விட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார். 1991-ல் வெளியுலகுக்கு வந்த அந்தத் தளத்தின் பக்கங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது வகை, கேட்டவுடன் எழுதப்படும் பக்கம். ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்கிறார். அவருக்கென்று ஒரு துண்டுச்சீட்டை நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதில்லை. பேரேட்டைத் திறந்து, அவர் பெயர் உள்ள பக்கத்தைப் பார்த்து, பற்றையும் வரவையும் கூட்டிக் கழித்து, அந்த நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறோம். அடுத்து வருபவருக்கு வேறு சீட்டு. இதே ஆள் நாளைக்கு வந்தால் அவருக்கே வேறு சீட்டு. ஜி.எஸ்.டி. தளம், ரயில் டிக்கெட் தளம், வங்கிக் கணக்குப் பக்கம் எல்லாம் இந்த இரண்டாவது வகை.

ஏன் இந்த வகை தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்திருப்பவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ஒருவருக்கு ஒரு பக்கம் என்று எழுதி வைத்தால் ஒரு கோடிப் பக்கம். ஒவ்வொரு மாதமும் அவர்கள் ரிட்டன் போடப் போட, அத்தனை பக்கங்களையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது ஆகிற காரியம் இல்லை. விவரத்தை ஒரே இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, கேட்பவருக்குக் கேட்டபோது பக்கத்தை எழுதிக் கொடுப்பதுதான் சரியான வழி.

மூன்று பேர் செய்யும் வேலை

இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். பழைய லேவாதேவிக் கடையை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

முதலாமவர், கேட்பவர். நம் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள பிரௌசர்தான் இவர். கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வந்த பதிலைத் திரையில் காட்டுவதும் இவர் வேலை. கணக்கு எதுவும் இவரிடம் இல்லை.

இரண்டாமவர், கடை மேலாள். சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்தான் இவர். வந்த கேள்வி சரியானதா, கேட்பவருக்கு அந்த விவரத்தைச் சொல்லலாமா என்று பார்த்து, பேரேட்டிலிருந்து விவரம் எடுக்கச் சொல்லி, பதிலை எழுதி அனுப்புவது இவர் பொறுப்பு.

மூன்றாமவர், பேரேட்டைக் காப்பவர். டேட்டாபேஸ், அதாவது தரவுத்தளம் என்பது இதுதான். விவரங்களை வரிசை வரிசையாக வைத்திருந்து, மேலாள் கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுப்பார். வாடிக்கையாளர் நேராகப் பேரேட்டில் கை வைக்க முடியாது. மேலாள் மூலமாகத்தான் எல்லாம் நடக்கும். இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எண்ணைத் தட்டியபின் நடப்பது

இப்போது உண்மையான உதாரணத்துக்கு வருவோம். ஜி.எஸ்.டி. தளத்தில் "வரி செலுத்துபவரைத் தேடு" என்று ஒரு பகுதி இருக்கிறது. இதற்கு லாக்-இன் தேவையில்லை, கட்டணமும் இல்லை. புதிதாக ஒரு மண்டியில் சரக்கு எடுக்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மண்டியின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை அங்கே தட்டுகிறோம். நடப்பது இதுதான்:

1. பிரௌசர் அந்த எண்ணையும், படத்தில் தெரியும் சரிபார்ப்பு எழுத்துகளையும் சர்வருக்கு அனுப்புகிறது. கேட்பது மனிதர்தானா, எந்திரம் ஆயிரக்கணக்கில் கேட்கிறதா என்று பிரித்தறியவே அந்த எழுத்துகள்.

2. சர்வரில் உள்ள புரோகிராம் எண்ணின் அமைப்பைப் பார்க்கிறது. முதல் 2 இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 இடங்கள் பான் எண். 13-வது இடம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. 14-வது இடத்தில் பொதுவாக இசட் என்ற எழுத்து. 15-வது இடம் சரிபார்ப்பு இலக்கம். முந்திய 14 இடங்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு வருவது அது. எண்ணை எழுதும்போது ஓர் எழுத்து மாறிவிட்டால், கணக்கு ஒத்துவராமல் தவறு அங்கேயே தெரிந்துவிடும். பேரேட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

3. எண் சரியாக இருந்தால், புரோகிராம் டேட்டாபேஸுக்குக் கட்டளை அனுப்புகிறது: "பதிவு அட்டவணையில் இந்த எண் உள்ள வரியை எடு. ரிட்டன் அட்டவணையில் இதே எண் உள்ள வரிகளை எடு."

4. டேட்டாபேஸ் அந்த வரிகளை மட்டும் கொடுக்கிறது.

5. புரோகிராமிடம் பக்கத்தின் அச்சு ஒன்று தயாராக இருக்கிறது. நம் பில் புத்தகத்தில் கடைப் பெயரும் கோடுகளும் அச்சாகி, சரக்கு, எடை, தொகை மட்டும் காலியாக இருக்குமே, அதுபோல. காலி இடங்களில் வந்த விவரங்களை நிரப்புகிறது.

6. நிரப்பிய பக்கத்தை நம் பிரௌசருக்கு அனுப்புகிறது. நம் திரையில் தெரிகிறது.

நாம் பார்த்து முடித்தபின், நமக்காக எழுதிய அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஓர் இடம் கிடையாது. அடுத்தவர் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து எழுதப்படும். இந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் முக்கியமான இடம் இதுதான்.

ஒரு கோடி வரியில் ஒரு வரி

ஒரு கோடிப் பெயரில் ஒன்றை எப்படி உடனே எடுக்க முடிகிறது என்று சிலர் கேட்கலாம். நம் பேரேட்டின் முன்பக்கத்தில் பெயரை அகரவரிசைப்படி எழுதி, எதிரே பக்க எண் போடுகிறோம் அல்லவா? டேட்டாபேஸிலும் அப்படி ஒரு பெயர்ப்பட்டி உண்டு. வரிசையாக அடுக்கிய பட்டியலில் நடுவில் திறந்து, நாம் தேடுவது முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால், ஒரு கோடி வரியானாலும் 24 தடவைக்குள் அகப்பட்டுவிடும். வரிசை இல்லாத குவியலில் தேடினால் ஒரு கோடியையும் புரட்ட வேண்டியிருக்கும். சரக்கறையில் இடம் பார்த்து அடுக்கிய மூட்டைக்கும், கண்ட இடத்தில் போட்ட மூட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

விவரங்களை இப்படி அட்டவணை அட்டவணையாக வைத்து, ஒரு பொது எண்ணால் அவற்றை இணைக்கலாம் என்ற கொள்கையை 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்ற கணித அறிஞர் வெளியிட்டார். அட்டவணையிடம் கேள்வி கேட்பதற்கான எஸ்.க்யூ.எல். என்னும் மொழியை அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் வகுத்தார்கள். இணையதளம் வந்தபின், கேள்வி வந்ததும் சர்வரில் ஒரு புரோகிராமை ஓடவைத்துப் பக்கம் எழுதும் முறை 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மையம் ஒன்றில் வந்தது. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் வெளியிட்ட பி.ஹெச்.பி. இந்த வேலையைச் சிறியவர்களுக்கும் எளிதாக்கியது. அதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வி.எஸ்.என்.எல். மூலம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது. 2002-ல் ரயில் டிக்கெட் இணையதளத்துக்கு வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது.

இதில் நம் பணம் எங்கே இருக்கிறது?

இனி விஷயத்துக்கு வருவோம். நாம் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். இன்புட் என்று நாம் சொல்லும் உள்ளீட்டு வரி வரவு இது. 25 கிலோ அரிசிப் பைகளை மாதம் 2 லட்ச ரூபாய்க்கு எடுக்கும் ஒரு கடைக்கு 5 சதவீதத்தில் மாதம் 10,000 ரூபாய். வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். மளிகையில் கிடைக்கும் லாப விகிதம் நமக்குத் தெரியும். இந்த 1,20,000 போனால் வருஷத்து உழைப்பே போன மாதிரி.

இந்த வரவு கிடைக்க, நம்மிடம் பில் இருந்தால் மட்டும் போதாது. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் அந்தப் பில்லைத் தம் ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் ஏற்றி, அது நம் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருக்கவும் வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் செப்டம்பர் 30-க்குள் அவர் 3பி ரிட்டன் போடவில்லை என்றால், நாம் எடுத்த வரவை நவம்பர் 30-க்குள் திருப்ப வேண்டும் என்கிறது 37ஏ விதி. தவறினால் வட்டியும் சேரும். பிற்பாடு அவர் போட்டால் நாம் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை நம் பணம் முடங்கிக் கிடக்கும்.

இப்போது நாம் வழக்கமாகச் செய்வதைப் பாருங்கள். புதிய மண்டிக்காரர் தம் பதிவுச் சான்றிதழைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அல்லது கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருப்பதைக் காட்டுகிறார். நாம் திருப்தி அடைகிறோம். ஆனால் அது என்ன வகைப் பக்கம்? எழுதி வைத்த பக்கம். அது அச்சான நாளின் செய்திதான் அதில் இருக்கும். அதற்குப் பின் பதிவு ரத்தாகியிருந்தாலும் அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.

தளத்தில் எண்ணைத் தட்டிக் கேட்டால் வருவது, கேட்டவுடன் எழுதப்படும் பக்கம். அதில் கவனிக்க வேண்டியவை நான்கு:

ஒன்று, பெயர். சட்டப்படியான பெயரும் கடைப் பெயரும் பில்லில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா?

இரண்டு, நிலை. நடப்பில் உள்ளதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, ரத்து செய்யப்பட்டதா? நிறுத்தி வைக்கப்பட்டவர் வரி போட்டு பில் கொடுக்க முடியாது.

மூன்று, வகை. சாதாரணப் பதிவா, காம்போசிஷன் திட்டமா? காம்போசிஷனில் உள்ளவர் பில்லில் வரி வசூலிக்கக் கூடாது. அவரிடம் வாங்கிய சரக்குக்கு நமக்கு வரவு கிடையாது.

நான்கு, ரிட்டன் பட்டியல். அதே பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால், அவர் எந்தெந்த மாத ரிட்டனை எந்தத் தேதியில் போட்டார் என்று வரும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 மட்டும் போட்டுவிட்டு 3பி-யைப் பல மாதமாகப் போடாதவரிடம் கவனமாக இருப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டன் போடும் சிறு வணிகர்களும் உண்டு. ஆகவே இடைவெளி தெரிந்தவுடன் அவசரப்பட்டு யாரையும் குறை சொல்லிவிட வேண்டாம்.

அச்சடித்து வையுங்கள்

முன்னே அடிக்கோடிடச் சொன்ன இடத்துக்கு இப்போது வருவோம். கேட்டவுடன் எழுதப்படும் பக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. அது கேட்ட நிமிஷத்துக்கு மட்டுமே பதில். நேற்று என்ன காட்டியது என்பதை அது இன்று காட்டாது.

இது ஏன் முக்கியம்? சட்டத்தின் 29-வது பிரிவின்படி, அதிகாரி ஒரு பதிவை முன்தேதியிட்டும் ரத்து செய்யலாம். நீங்கள் ஜூன் மாதம் சரக்கு எடுத்தபோது "நடப்பில் உள்ளது" என்று காட்டிய அதே பக்கம், டிசம்பரில் பார்க்கும்போது "ஏப்ரல் முதல் ரத்து" என்று காட்டக்கூடும். ஜூனில் நீங்கள் பார்த்ததற்கு உங்களிடம் சாட்சி இருக்காது. ஆகவே புதியவரிடம் முதல் தடவை சரக்கு எடுக்கும்போது அந்தப் பக்கத்தை அச்சடித்து, தேதியும் நேரமும் எழுதி, பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள். வழக்கமானவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். வழக்கு என்று வந்தால் இந்தக் காகிதம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் விசாரித்துத்தான் வாங்கினோம் என்று காட்ட இது உதவும். உங்கள் 2பி பட்டியல் மாதந்தோறும் 14-ம் தேதி தயாராகிறது. அதையும் மாதாமாதம் இறக்கிக் கோப்பில் வைப்பது நல்ல பழக்கம்.

கடைசி நாளில் தளம் ஏன் திணறுகிறது?

எழுதி வைத்த பக்கம் கட்டி வைத்த பொட்டலம் போல. எத்தனை பேர் வந்தாலும் எடுத்து நீட்டினால் போதும். கேட்டவுடன் எழுதும் பக்கமோ, ஆள் வந்தபின் நிறுத்துக் கட்டும் சரக்கு. கூட்டம் வந்தால் வரிசை நீளும்.

உதாரணமாக, ஒரு சர்வர் வினாடிக்கு 5 பக்கம் எழுதும் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 300. கடைசி நாளில் நிமிஷத்துக்கு 600 பேர் வந்தால், ஒவ்வொரு நிமிஷமும் 300 பேர் மிஞ்சுகிறார்கள். பத்து நிமிஷத்தில் 3,000 பேர் வரிசையில். அப்போது வருபவர் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து அவர் மறுபடியும் மறுபடியும் பொத்தானை அழுத்தினால், அதுவும் வரிசையில் ஒரு புது ஆளாகச் சேரும். ஆகவே அழுத்திவிட்டுக் காத்திருப்பதே நல்லது.

இது கற்பனை அல்ல. 2025 ஜனவரி 10-ம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-1 கெடுவுக்கு முந்திய நாளில், தளம் வேலை செய்யாமல் போனது. அரசு கெடுவை 11-ம் தேதியிலிருந்து 13-ம் தேதிக்குத் தள்ளி வைத்தது. ஒவ்வொரு தடவையும் இப்படித் தள்ளி வைப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. கெடு நாளுக்கு நாலைந்து நாள் முன்பே ரிட்டனை முடித்துவிடுவதுதான் நம் கையில் உள்ள மருந்து.

பொங்கல் கூட்டத்துக்கு முன் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பருப்பைக் கட்டி வைக்கிறோம் அல்லவா? பெரிய தளங்களும் அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை ஒரு தடவை எழுதி, சிறிது நேரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வதுண்டு. வேகம் கிடைக்கும். ஆனால் அது பழைய பக்கமாக இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் ஒரு விவரம் மாறியபின்னும் சில நேரம் பழையதே திரையில் தெரிகிறது. சந்தேகம் வந்தால் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள்.

நம் கடை பில்லிங்கும் இதே முறைதான்

மேலே சொன்னதெல்லாம் டெல்லிக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நம் மேஜையில் உள்ள பில்லிங் கம்ப்யூட்டரும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. சரக்கு அட்டவணை, வரி அட்டவணை, வாடிக்கையாளர் அட்டவணை ஆகியவற்றிலிருந்து எடுத்து ஒரு பில்லை எழுதுகிறது. ஆகவே அட்டவணை சரியாக இருந்தால்தான் பில் சரியாக இருக்கும்.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீதம் வரி. அதற்கு மேற்பட்ட பைக்கு வரி இல்லை. 26 கிலோ பை சந்தைக்கு வந்த காரணம் இதுதான் என்பதைப் புதுவயல் ஆலைகளில் சரக்கு எடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு அட்டவணையில் "அரிசி" என்று ஒரே வரி போட்டிருந்தால், இரண்டில் ஒரு பைக்கு பில் தவறாகத்தான் வரும். 25 கிலோவுக்கு ஒரு வரி, 26 கிலோவுக்கு ஒரு வரி என்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22-ம் தேதி வரி விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கும், நெய், வெண்ணெய், மிக்சர் வகைகள் 12-லிருந்து 5-க்கும் வந்தன. வரி விகிதம் ஓர் அட்டவணையில் ஒரே இடத்தில் இருந்த கடைகளில் சில நிமிஷ வேலையோடு முடிந்தது. ஒவ்வொரு சரக்கிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தால் நூற்றுக்கணக்கான இடத்தில் திருத்த வேண்டும். அதில் பத்து விட்டுப்போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பில்லைக் கேட்டவுடன் எழுதும் முறையில், பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போது புரோகிராம் எந்த விகிதத்தை எடுக்கிறது? அட்டவணையில் இன்றுள்ள விகிதத்தை எடுத்தால், ஆகஸ்ட் மாதம் 18 சதவீதத்தில் விற்ற சோப்புக்கு இன்று 5 சதவீத பில் வரும். கணக்கே புரண்டுவிடும். விற்ற நாளின் விலையும் விகிதமும் அந்த பில்லோடு சேர்த்துப் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் பில்லிங்கில் 2025 ஆகஸ்ட் மாத பில் ஒன்றை மறுபடி அச்சடித்துப் பாருங்கள். வரி மாறி வந்தால் புரோகிராம் போட்டவரை உடனே கூப்பிடுங்கள்.

ஒரு மூட்டை, இரண்டு ஆர்டர்

இப்போது சில கடைகள் இணையதளத்திலோ செல்போனிலோ ஆர்டர் எடுக்கின்றன. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. காரைக்குடியிலிருந்து சென்னை போகும் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஒரே ஓர் இருக்கை மிச்சம் இருக்கிறது. காரைக்குடியில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே வினாடியில் கேட்கிறார்கள். இருவருக்குமே "ஒன்று உள்ளது" என்று பக்கம் காட்டிவிட்டது. இருவருக்கும் கொடுத்துவிட்டால் ரயிலில் சண்டைதான். ஆகவே முதலில் வந்த கேள்வியை முடிக்கும் வரை டேட்டாபேஸ் அந்த வரியைப் பூட்டி வைக்கும். இரண்டாமவர் கேள்வி காத்திருந்து, பூட்டுத் திறந்தபின் "இல்லை" என்ற பதிலைப் பெறும்.

நம் கடையிலும் ஒரு மூட்டை துவரம் பருப்பு மிச்சம் இருக்கும்போது இதே நிலைமை வரும். பணம் வாங்கும் இடத்தில் ஸ்டாக்கை இன்னொரு முறை சரிபார்க்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் நேரில் விற்றதும் அதே அட்டவணையில் கழிய வேண்டும். கடைக்கு ஒரு கணக்கு, தளத்துக்கு ஒரு கணக்கு என்றால் வாடிக்கையாளரிடம் வசவு வாங்குவது நிச்சயம்.

காவல்

வாடிக்கையாளர் பேரேட்டில் கை வைக்கக் கூடாது என்று சொன்னோம். திருடர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைப் பையனிடம் ஆர்டர் சீட்டு கொடுத்து, "பெயர்" என்ற இடத்தில் ஒருவர், "முத்தையா, பிறகு கல்லாவில் உள்ளதையெல்லாம் கொடு" என்று எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரியாத பையன் அதையும் முதலாளி உத்தரவு என்று நினைத்துச் செய்துவிடுவான். சரியாக எழுதப்படாத புரோகிராமும் இதே தவறைச் செய்யும். பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் டேட்டாபேஸ் கட்டளையை எழுதி, வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கட்டத்தில் எழுதியது எதுவானாலும் அது வெறும் பெயர்தான், கட்டளை ஆகாது என்று பிரித்து வைப்பதே இதற்குத் தடுப்பு. இந்த முறை பல வருஷங்களாக எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்திருக்கிறார்களா என்று கேட்பது நம் பொறுப்பு.

இன்னொன்று, போலித் தளம். பக்கத்தின் தோற்றத்தை யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். பின்னால் உள்ள பேரேட்டைக் காப்பி அடிக்க முடியாது. ஆகவே எழுத்தையும் சின்னத்தையும் பார்த்து நம்பாமல், முகவரியைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. தளத்தின் முகவரி "ஜி.எஸ்.டி. டாட் கவ் டாட் இன்" என்று முடிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு உள்ளே போய் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம்.

தளம் அமைத்துத் தருகிறேன் என்று வருபவரிடம்

கடைக்கு இணையதளம் செய்து தருகிறேன் என்று பலர் வருகிறார்கள். முன்பணம் கொடுக்குமுன் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்:

1. இது எழுதி வைத்த பக்கமா, டேட்டாபேஸோடு சேர்ந்ததா? கடை முகவரியும் போன் நம்பரும் மட்டும் போதும் என்றால் முதல் வகையே போதும். செலவும் குறைவு. பழுதும் குறைவு.

2. விலையை நானே மாற்ற முடியுமா, ஒவ்வொரு முறையும் உங்களைக் கூப்பிட வேண்டுமா?

3. தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகிறது? நம் பெயரில்தான் இருக்க வேண்டும்.

4. வாடிக்கையாளர் விவரமும் கணக்கும் யாருக்குச் சொந்தம்? நாளைக்கு வேறு ஆளிடம் போனால் மொத்தமாக எடுத்துக் கொடுப்பீர்களா?

5. தினமும் நகல் எடுக்கிறீர்களா? எங்கே வைக்கிறீர்கள்? ஒரு நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து காட்ட முடியுமா?

6. பழைய பில்லில் பழைய வரி விகிதம் மாறாமல் இருக்குமா?

இவற்றுக்கு எழுத்தில் பதில் தருபவரிடம் வேலை கொடுங்கள். பேரேட்டை வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய வியாபாரி யாரும் இல்லை.

பயிற்சி

படித்ததோடு விட்டுவிடாமல் இந்த வாரம் மூன்று காரியம் செய்து பாருங்கள்.

முதலில், உங்கள் கடையின் சொந்த ஜி.எஸ்.டி. எண்ணைத் தளத்தில் தேடுங்கள். உங்களிடம் சரக்கு வாங்குபவர் உங்களைப் பற்றி என்ன பார்க்கிறார் என்பது தெரியும். முகவரியோ கடைப் பெயரோ பழையதாக இருந்தால் திருத்த விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, நீங்கள் அதிகத் தொகைக்குச் சரக்கு எடுக்கும் ஐந்து பேரின் எண்களைத் தேடி, நிலை, வகை, ரிட்டன் தேதி மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். பக்கத்தை அச்சடித்துத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள்.

மூன்றாவது, சென்ற மாதத்து 2பி பட்டியலை உங்கள் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பாருங்கள். பட்டியலில் வராத பில் இருந்தால், விற்றவருக்கு அன்றே ஒரு போன் போடுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரிசெய்து தருவார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்பதைவிட மூன்றாம் நாள் கேட்பது இருவருக்கும் நல்லது.

இந்த மூன்றுக்கும் சேர்ந்து ஒரு பிற்பகல் போதும். கடையில் கூட்டம் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.